இது தேறுமா, நான் தேறுவேனா: வன்னியில் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதுபவர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் வாசிக்கத் தருவதுண்டு. வாசித்துவிட்டுப் பேச உட்கார்ந்தால், பேச்சு கதையை விட்டு எழுதியவரிடம் போய்விடும். “இது தேறுமா?” என்று தொடங்கி “நான் தேறுவேனா?” என்பதில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை பற்றியவற்றை விட்டுவிட்டேன். அவற்றுக்கு நல்ல இலக்கண நூல்கள் இருக்கின்றன.

நான் எழுத்தாளர்தானா என்று எனக்கே சந்தேகம். இந்தச் சந்தேகம் எப்போது தீரும்?

தீராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும் பெயர் வாங்கியவர்களுக்கும் அது தீர்ந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக், 1938 இல் தன் புகழ்பெற்ற நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதினார். தான் எழுத்தாளனே அல்ல, தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அதில் குறித்திருக்கிறார். அந்த நாவலுக்கு 1940 இல் புலிட்சர் பரிசும், 1962 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தன. 1978 இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்த பெண்கள் பலரோடு பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் வெற்றி தற்செயலானது, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அந்தப் பெண்கள் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார்கள். பட்டமும் பதவியும் கூடியும் பயம் அகலவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

நம் மரபு இதை நேர்த்தியாகக் கையாண்டிருக்கிறது. காப்பியத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் என்று ஓர் இடம் ஒதுக்கி, “எனக்குத் தகுதி இல்லை” என்பதை அங்கேயே சொல்லி முடிக்க வைத்தது. பாற்கடல் முழுவதையும் நக்கிவிட வந்த பூனை என்று கம்பன் தன்னைச் சொல்லிக்கொண்டது அந்த இடத்தில்தான். சில பாடல்களோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு சரயு நதியில் வெள்ளம் வரத் தொடங்கிவிடுகிறது.

நான் சொல்லும் வழி, சந்தேகத்தை ஆளிடமிருந்து எடுத்துப் பிரதியின் மேல் வைப்பது. “எனக்குத் திறமை இருக்கிறதா?” என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. விடை இல்லாத கேள்வி இரவு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும். “இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும் காட்சியில் ஏன் சத்தமே இல்லை? மகன் வீட்டை விட்டுப் போனது தெரிந்தும் அந்தத் தாய் ஏன் கோழிக்குத் தீனி போடுகிறாள்?” என்ற கேள்விகளுக்குப் பதில் உண்டு. அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம். மனம் உங்களைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கும்போது, “எந்தப் பக்கம், எந்த வரி?” என்று கேளுங்கள். வரியைக் காட்டினால் அந்தக் குறை கேட்கத் தக்கது. காட்டாவிட்டால் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் ஊரைப் பற்றி யார் வாசிக்கப் போகிறார்கள்? குளமும் காடும் தவிர இங்கே என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நடுவே பஸ் கடந்துபோகும் இடமாகவே வன்னியைப் பார்த்தவர்கள் சொல்லித் தந்த கேள்வி இது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தபோது அதன் களம் தண்ணிமுறிப்பு. குளமும் காடும்தான். இன்றும் ஈழத்து நாவல்களைப் பற்றிப் பேசுபவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. வாசகர் ஊரின் பெயரைப் பார்த்து வருவதில்லை, ஊரைத் தெரிந்தவர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்கிறார். பாலைப்பழம் எப்போது பழுக்கும், யானை வந்த தோட்டத்தில் விடிந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்கள், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கும்போது யார் இறங்குவார்கள், யார் இருக்கையிலேயே இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை எழுதாமல், பார்த்திராத இலண்டன் பனியை எழுதிக்கொண்டு வருபவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள்.

வன்னியிலிருந்து எழுதினால் போரைப் பற்றித்தான் எழுத வேண்டுமா? வேறு எதை எழுதினாலும் குற்றவுணர்வாக இருக்கிறது.

வேண்டியதில்லை. வெளியே இருந்து கதை கேட்பவர்கள் பெரும்பாலும் 2009 ஐ எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் எதிர்பார்ப்பு உங்கள் கடமை ஆகாது. முள்ளிவாய்க்கால் நடந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்பு வயதினர். “நான் எதையும் பார்க்கவில்லையே, வன்னி எழுத்தாளர் என்று என்னை எப்படிச் சொல்வது?” என்று அவர்கள் கேட்கும்போது, போரைப் பார்க்காததே ஒரு குறையாக அவர்கள் தலையில் ஏற்றப்பட்டிருப்பது தெரிகிறது. ரியூசன் கொட்டிலில் தொடங்கிய காதலை எழுதுங்கள். நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நிற்பவரை எழுதுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு விடியப் புறப்படும் பெண்ணை, மணல் ஏற்றிப்போகும் டிப்பரை, 2018 டிசம்பர் வெள்ளத்தில் பாடசாலைக் கட்டடத்தில் படுத்த இரவை எழுதுங்கள்.

போர் வர வேண்டிய இடத்தில் அழையாமலே வரும். கதையில் ஒரு கல்யாண வீடு இருந்தால், அங்கே யார் யார் இல்லை என்பது சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

என்னைவிட அதிகம் இழந்தவர்கள் பேசாமல் இருக்கும்போது நான் எழுதலாமா?

நியாயமான சந்தேகம் என்று நான் மதிப்பது இது ஒன்றைத்தான். மற்றவை எழுதுபவரின் பயத்தைப் பற்றியவை, இது மற்றவரின் துயரத்தைப் பற்றியது. ஆகவே இதை விரட்டப் பார்க்காதீர்கள். இதற்கு உட்பட்டு எழுதுங்கள்.

உங்கள் கண்ணால் கண்டதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. மற்றொருவர் உங்களை நம்பிச் சொன்னதை எழுத, அவரிடம் கேட்க வேண்டும். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். இருபது வீடுள்ள ஒரு கிராமத்தில், எந்தக் கால் இல்லாதவர், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். கதை கெட்டுப்போனாலும் பரவாயில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் வந்து கேட்டு, எழுதி, படம் எடுத்துப் போனவர்கள் ஏராளம். அந்த வரிசையில் இன்னொருவராக நிற்கப் போகிறீர்களா, அச்சான பிரதியோடு திரும்பிப் போகும் ஆளாக இருக்கப் போகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அந்த நாட்களை எழுதத் தொடங்கினால் உடம்பு நடுங்குகிறது. இரண்டு மாதத்துக்குக் கொப்பியைத் தொட முடிவதில்லை.

இதை ஒழுங்கின்மை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். உடம்பு தாங்கும் அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை மிகவும் வருத்திய நிகழ்வுகளை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே அவர்கள் மனநிலை மோசமானது. பின்வந்த மாதங்களிலோ அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதினால் உடனே மனப்பாரம் இறங்கிவிடும் என்று சொல்பவர்கள் இதன் முதற்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பகலில் எழுதுங்கள். வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில் எழுதுங்கள். நேரம் பார்த்து நிறுத்துங்கள், பிறகு கையை வேறு வேலைக்குப் பழக்குங்கள்: தண்ணீர் அள்ளுவது, மாட்டை அவிழ்த்துக் கட்டுவது, எதுவானாலும். நடுக்கமும் தூக்கமின்மையும் விடாமல் தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். அந்த அத்தியாயம் காத்திருக்கும்.

தினமும் எழுத வேண்டும் என்கிறார்கள். மூன்று நாள் எழுதுகிறேன், நான்காம் நாள் விட்டுப்போகிறது. எனக்கு ஒழுக்கம் இல்லையா?

ஒழுக்கத்தை இதற்குள் இழுக்காதீர்கள். 2009 இல் இலண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் படிய எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். நடு அளவாக 66 நாட்கள். ஆனால் ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. நம்மவர்களுக்கு நடப்பது என்னவென்றால், ஒருநாள் தவறுகிறது, அதற்காகத் தன்னைத் திட்டுகிறார்கள், திட்டு வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வராது. மூன்று வாரம் போய்விடுகிறது. தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு எழுதப் பார்ப்பதும் இதே வகைதான். தவறியது தவறியதுதான். அன்றைய அளவை மட்டும் எழுதுங்கள்.

‘தினமும்’ என்ற விதியும் மாதச் சம்பளக்காரரின் நாளைப் பார்த்து உண்டானது. புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்புத் தொடங்கினால் தை, மாசியில் அறுவடை முடியும் வரை கமக்காரர் ஒருவர் மாலையில் கொப்பியைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சிறுபோகமோ குளத்து நீரைப் பொறுத்தது. நீர் குறைந்த ஆண்டில் கொஞ்ச நிலம்தான் விதைப்பார்கள், எழுத நேரம் கிடைக்கும். ஆசிரியருக்குப் பரீட்சைக் காலம் போய்விடும். கடற்கரையில் இருப்பவருக்குக் காற்று சொல்லும். ஆண்டை எடுத்துவைத்து, எந்த மாதங்கள் உங்களுடையவை என்று முதலில் குறியுங்கள். வேலை மாதங்களில் குறிப்பு மட்டும் எடுங்கள்: கேட்ட ஒரு பேச்சு, பார்த்த ஒரு முகம், இரண்டு வரி. ஓய்வு மாதங்களில் கதையாக எழுதுங்கள். இப்படி எழுதுபவரைச் சீரற்றவர் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. “நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்” என்ற தீர்மானம் நிற்பதில்லை. “பிள்ளையை ரியூசனில் விட்டதும், அந்த வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்து, பத்து வரி” என்று நேரமும் இடமும் செயலும் சேர்ந்த தீர்மானம் நிற்கிறது. பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர் இதை நீண்ட காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் பாட்டிமாருக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. விளக்கு வைத்தவுடன் தேவாரம் என்று வைத்திருந்தார்கள்.

நான் வீட்டுவேலை, பிள்ளைகள், மாமியார் எல்லாவற்றையும் பார்க்கும் பெண். அதிகாலை எழுந்து எழுதுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள்.

அதிகாலை எழுத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அந்தனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியவர். அவரை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்குக் கூடுதல் சம்பளத்தில் ஒரு வேலையாள் இருந்தார். நம் வீடுகளில் அந்தக் கோப்பியைப் போடுபவரே எழுத்தாளராக இருக்கிறார். ஆகவே நேரத்தைக் குறைவாகத் தூங்கிச் சம்பாதிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது பெரிய சண்டை என்பது தெரியும். அதுவரை கைபேசியின் குரல் பதிவு கைகொடுக்கும். அடுப்படியில் சொல்லி வைத்ததைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பேசிப் பதிந்த கதைகளில் உரையாடல் நன்றாக அமைவதை நான் கவனித்திருக்கிறேன்.

முதல் பந்தியையே மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டு இரண்டாம் பந்தியிலிருந்து எழுதுங்கள். கதை முடியும்போது முதல் பந்தி அநேகமாகத் தேவைப்படாது.

பாதியில் நின்ற கதைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. என்ன செய்வது?

எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. எடுத்து வாசித்து, எது உங்களுக்கே இன்னும் ஆவலைத் தருகிறதோ அந்த ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். மற்றவை பெட்டிக்குள் போகட்டும். அந்த ஒன்றுக்கு முடிவு தெரியவில்லை என்றால் மோசமான ஒரு முடிவை எழுதுங்கள்: சாவு, கல்யாணம், கனவிலிருந்து விழிப்பு, எதுவானாலும். மோசமான முடிவுள்ள கதையைத் திருத்தலாம். பாதிக் கதையில் திருத்த ஒன்றுமில்லை. அடுத்த கதையிலிருந்து, அன்றன்றைய எழுத்தை வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பழகுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துவதை ஹெமிங்வே வலியுறுத்திச் சொல்லியிருக்கிறார். பலருக்கு அது பலிக்கிறது.

இடப்பெயர்வில் எழுதியதெல்லாம் போய்விட்டது. திரும்ப எழுத மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய கொப்பிகள் எத்தனையோ. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர நகர ஒவ்வொரு பொதியாகக் குறைந்து, கடைசியில் கட்டிய துணியோடு வந்தவர்களிடம் கொப்பி எங்கே இருந்திருக்கும்? இதற்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

தொலைந்ததை அப்படியே மீட்க முயலாதீர்கள். தோமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் தொகுதியை எழுதி நண்பர் ஜோன் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுக்க, 1835 இல் அது தவறுதலாக எரிந்துபோனது. கார்லைல் திரும்ப உட்கார்ந்து புதிதாகவே எழுதினார். அவருக்கு வீடு இருந்தது, மேசை இருந்தது, அந்த வேறுபாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் வேலையின் முறை அதுதான். தொலைந்த கதையில் நினைவிருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: ஒரு பெயர், ஒரு வரி, ஒரு காட்சி. மறந்துபோனவற்றில் பெரும்பகுதி மறக்கத் தக்கதாகத்தான் இருந்திருக்கும். நினைவிருப்பவற்றை, இன்றைய வயதில் இருந்துகொண்டு எழுதுங்கள். அன்று இருபது வயதில் எழுதிய தகப்பனை இன்று நீங்களே தகப்பனாக இருந்து எழுதினால் அது வேறு கதை.

இனிமேல் எழுதுவதைப் பக்கத்துக்குப் பக்கம் கைபேசியில் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் ஒரு படி போகட்டும். அச்சான இதழோ சிறு நூலோ கையில் இருந்தால் ‘நூலகம்’ என்ற இணையவழி எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு: ஒரே இடத்தில் ஒரே படி இருக்கக்கூடாது. 2005 முதல் ‘நூலகம்’ அமைப்பினர் செய்துவரும் வேலை அதற்கான பதில்களில் ஒன்று.

பத்திரிகைக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. நன்றாக இல்லை என்று அர்த்தமா?

பதில் இல்லை என்பதற்குப் பதில் இல்லை என்றுதான் அர்த்தம். வாரப் பதிப்புக்குக் கதை தெரிவு செய்பவர் விளம்பரம், பக்க அளவு, தீபாவளி மலர் எல்லாவற்றுக்கும் நடுவே வாசிக்கிறார். சிற்றிதழ்களைப் பெரும்பாலும் ஓரிருவரே தம் கைக்காசில் நடத்துகிறார்கள். 1966 இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா பல பத்தாண்டுகள் அதை நடத்தினார், தெருத்தெருவாகத் தாமே கொண்டு போய் விற்றதும் உண்டு. இப்படிப்பட்டவர்களிடம் கடிதம் எதிர்பார்ப்பது அதிகம். படி ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்புங்கள். மூன்று மாதம் பாருங்கள், ஒருமுறை விசாரியுங்கள், பிறகு வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு வேண்டாம். முக்கியமாக, அனுப்பிய அன்றே அடுத்ததைத் தொடங்குங்கள்.

முகநூலில் போட்டால் நிறையப் பேர் விரும்புகிறார்கள். அப்படியானால் நன்றாக இருக்கிறது என்று நம்பலாமா?

உங்களை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நம்பலாம்.

அப்படியானால் யாரிடம் காட்டுவது?

ஒருவரிடம். அவர் எழுதுபவராக இருக்க வேண்டியதில்லை, வாசிப்பவராக இருக்க வேண்டும், உங்களோடு கோபித்துக்கொள்ளாமல் குறை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், “நன்றாக இருக்கிறது” என்பார். எங்கே அலுத்தது, எங்கே புரியவில்லை, எங்கே நம்ப முடியவில்லை என்று மூன்றை மட்டும் கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள். அச்சில் வந்த பிறகு ஒவ்வொரு வாசகரின் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்க முடியாது. எப்படித் திருத்துவது என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், செய்ய வேண்டியதில்லை. அலுத்த இடத்தைக் காட்டுவதில் வாசகர் தவறுவது அரிது. அதற்கு மருந்து சொல்வதில் அடிக்கடி தவறுவார்.

எழுதுவதை விட்டுவிடலாமா?

விடலாம். யாரும் தண்டம் அறவிடப் போவதில்லை. வாசகராக இருப்பது குறைந்த நிலை ஒன்றும் அல்ல, எழுதுபவர்கள் கூடி வாசிப்பவர்கள் குறைந்துபோன காலம் இது. ஒரு போகம் முழுவதும் எழுதாமல் இருந்து பாருங்கள். நிம்மதியாக இருந்தால் அப்படியே இருங்கள்.

உங்களிடம் பிரதி தரலாமா? எப்படித் தர வேண்டும்?

தரலாம். கையெழுத்தானால் தாளின் ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முன்னுரை, தன்விவரம், படம், பெற்ற சான்றிதழ்களின் பிரதி எதுவும் தேவையில்லை. “இது வெறும் கிறுக்கல்தான், மன்னிக்கவும்” என்று மேலே எழுதித் தருபவர்களிடம் அந்தத் தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.